அம்மா என்னைத் தனி பெஞ்சில் உட்கார விடவில்லை

அம்மா நம்மைப் பிரிந்து இந்த ஆடியோடு ஒரு வருடம் நிறைகிறது. திதிக்கு வரும் உறவினர்களின் கையிலும், அம்மாவோடு தேயிலைக் கொழுந்து எடுத்த தோழியர் கையிலும் கொடுக்கச் சிறிதாக ஒரு நினைவு மலர் அச்சிடலாம் என்று தம்பிகள் இருவரும் சொன்னார்கள். மூத்தவள் என்பதால் எழுதும் பொறுப்பு எனக்கு வந்தது. அம்மாவின் நற்குணங்களை வரிசையாக அடுக்கினால் அது எந்த வீட்டு அம்மாவுக்கும் பொருந்திவிடும். அதனால் அவர் வாழ்க்கையைச் சுருக்கமாகச் சொல்லிவிட்டு, என் பதின்மூன்றாவது வயதில் நடந்த ஒன்றை விரிவாக எழுதுகிறேன். எழுதலாமா என்று அப்பாவிடம் கேட்டேன். "உள்ளபடி எழுது. நான் சொன்னதையும் விடாம எழுது" என்றார்.

அம்மா பிறந்தது போடிநாயக்கனூருக்கு மேற்கே, மலையடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில். சிறு வயதிலேயே தந்தையாரை இழந்தார். மழை பொய்த்த ஒரு வருடம், தன் தாயாரோடும் இரண்டு தங்கைகளோடும் போடிமெட்டு வழியாக மலையேறி, தேவிகுளம் பக்கத்து எஸ்டேட்டுக்கு வந்தபோது அவருக்குப் பத்து வயது. இரண்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. தங்கைகளை இடுப்பில் சுமந்து வளர்த்தார். பதினாறு வயதில் பேர் பதிந்து கொழுந்து எடுக்கப் போனார். தேயிலை பாக்டரியில் கொழுந்து வாட்டும் மாடியில் வேலை பார்த்த அப்பாவை மணந்து எங்கள் மூவரையும் பெற்றார். கடைசி வரை அதே எஸ்டேட், தொழிலாளர்களுக்கு வரிசையாகக் கட்டிய லயத்தில் அதே வீடு.

அம்மா சாந்தமானவர் என்று எழுதினால் லயத்தில் உள்ளவர்கள் சிரிப்பார்கள். சட்டென்று கோபம் வரும். நினைத்ததை முகத்துக்கு நேராகச் சொல்லிவிடுவார். ஆனால் தான் செய்தது தவறு என்று தெரிந்தால் அதையும் முகத்துக்கு நேராகவே ஒப்புக்கொள்வார். இந்த இரண்டாவது குணத்தைப் பெரியவர்களிடம் நான் அதிகம் கண்டதில்லை. நான் எழுதப்போவதும் பெரும்பாலும் அதைப் பற்றித்தான்.

எழுபத்திரண்டாம் வருடம் ஜூன் மாதம் எட்டாம் வகுப்பில் சேர்ந்தேன். ஏழு வரை எஸ்டேட்டுக்குள்ளேயே பள்ளிக்கூடம் இருந்தது. எட்டாம் வகுப்புக்கு மூன்று மைல் நடந்து, பஜாரை ஒட்டியிருந்த உயர்நிலைப் பள்ளிக்குப் போக வேண்டும். எங்கள் லயத்திலிருந்து அந்த வருடம் அங்கே போனவர்கள் இரண்டே பெண்கள். நானும் பக்கத்து வீட்டுப் பெண்ணும். அவள் பெயரைச் சரோஜா என்று வைத்துக்கொள்கிறேன். ஒன்றாம் வகுப்பிலிருந்து நாங்கள் ஒரு குடைக்குள் நடந்தவர்கள்.

அந்தக் கோடையில்தான் என் உதட்டோரத்தில் மிளகு அளவில் ஒரு வெள்ளைப் புள்ளி தோன்றியது. பள்ளி திறப்பதற்குள் அது கட்டைவிரல் அகலத்துக்குப் பரவி, வலது கையில் இரண்டு விரல் நுனிகளும் வெளுத்துவிட்டன. எஸ்டேட்டில் யாரும் அதைப் பெரிதாகப் பேசவில்லை. புதுப் பள்ளியில் முதல் நாளே பேசினார்கள்.

"இவகூடவா நடந்து வர்ற? ஒனக்கும் ஒட்டிக்கும் பாரு" என்று எங்கள் வகுப்பில் இருந்த பஜார் பெண்கள் சரோஜாவிடம் கேட்டது என் காதில் விழுந்தது. மறுநாள் அவள் பெஞ்சின் ஓரத்துக்கு நகர்ந்து உட்கார்ந்தாள். அதற்கடுத்த வாரம் வேறு பெஞ்சுக்குப் போனாள். ஜூலையில் எனக்குச் 'சுண்ணாம்பு' என்று பெயர் வைத்துவிட்டார்கள். வருகைப்பதிவில் என் பெயரைக் கூப்பிடும்போது பின்வரிசையில் அந்தச் சொல் மெல்லக் கேட்கும். தண்ணீர்ப் பானையில் நான் மொண்ட குவளையை யாரும் தொட மாட்டார்கள். மதியச் சோற்றை விறகு அடுக்கிய கொட்டகைக்குப் பின்னால் போய்த் தின்ன ஆரம்பித்தேன். சில நாள் தின்னாமல் கொட்டிவிட்டு வந்தேன்.

ஒருநாள் காலையில் என் இடத்தில் ஒரு வெற்றிலை இருந்தது. "கொஞ்சம் தடவிக் குடு" என்று ஒருத்தி சொல்ல, வகுப்பே சிரித்தது. அந்த வெற்றிலையை ஈரத்துணியில் சுற்றி வீட்டிலிருந்து கொண்டுவந்தவள் சரோஜா. சிரித்தவர்களில் அவள் சிரிப்புதான் எனக்குத் தனியாகக் கேட்டது.

வீட்டில் எதையும் சொல்லவில்லை. சொன்னால் அம்மா கோபத்தோடு பள்ளிக்கு வந்து நிற்பார் என்று பயந்தேன். வயிற்றுவலி என்றேன், தலைவலி என்றேன். தலைவாரிக்கொள்வதை விட்டேன். கண்ணாடியைச் சுவர் பக்கம் திருப்பி மாட்டினேன். தம்பிகளை ஒன்றுமில்லாததற்கெல்லாம் அடித்தேன். வளரும் பிள்ளையின் வீம்பு என்று அப்பா நினைத்தார். அம்மா மட்டும் சோற்றுப் பாத்திரத்தை வாங்கும்போதெல்லாம் என்னை ஒரு கணம் கூடுதலாகப் பார்ப்பார். கேட்டால் நான் எரிந்துவிழுவேன்.

ஆகஸ்டில் பள்ளிக்குக் கிளம்பிப் பாதி வழியில் தேயிலைக் காட்டுக்குள் நுழைந்து ஒளிந்துகொள்ளத் தொடங்கினேன். மூன்று நாள் யாருக்கும் தெரியவில்லை. நான்காம் நாள், கொழுந்து எடுக்க ஆள் அனுப்பாத காடு என்று நான் நினைத்த இடத்துக்கே பெண்களை அனுப்பிவிட்டார்கள். தூறல் விழுந்துகொண்டிருந்தது. செடிகளை விலக்கிக்கொண்டு என் முன்னால் வந்து நின்றவர் அம்மா.

இடுப்பில் சாக்கு, முதுகில் கூடை. என் மடியில் புத்தகப் பை.

"இங்கன என்ன செய்ற?"

பையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டேன்.

"எத்தன நாளா?"

"நாலு நாளு."

அடி விழும் என்று தோளைக் குறுக்கிக்கொண்டேன். அம்மா குனிந்து என் கணுக்காலில் ஒட்டியிருந்த அட்டையைப் பிடுங்கி எறிந்தார். எச்சில் தொட்டு ரத்தத்தைத் துடைத்தார். பிறகு சொன்னார்:

"எந்திரி. எங்கூடயே நட. நான் கொழுந்து எடுத்துக்கிட்டே கேக்குறேன். மொத நாள்ல இருந்து சொல்லு. நடுவுல நான் பேச மாட்டேன்."

சூப்பர்வைசர் வந்து, பள்ளிக்கூடப் பிள்ளைக்கு இங்கே என்ன வேலை என்று கேட்டார். "மகளுக்கு முடியலைங்கய்யா. எம் பக்கத்துல இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அம்மா என் பக்கம் திரும்பினார். "ம், சொல்லு."

அன்று பொழுது சாயும் வரை சொன்னேன். ஒரு நிரை முடிந்து அடுத்த நிரைக்குத் திரும்பும்போதும் நிறுத்தவில்லை. குவளை, விறகுக் கொட்டகை, வெற்றிலை எல்லாம் சொன்னேன். அம்மாவின் கைகள் செடியின் மேல் ஓடிக்கொண்டே இருந்தன. கடைசியில், "எனக்கு இனிமே இருக்கவே வேண்டாம் போல இருக்கும்மா. பள்ளிக்கூடம் போற வழியில அந்த மேட்டு வளைவுல கீழ பள்ளத்தப் பாத்துக்கிட்டே நின்னேன்" என்றேன். அப்போதுதான் கைகள் நின்றன. அம்மாவின் முகம் மழையில் நனைந்திருந்தது. அழுதாரா என்று எனக்குத் தெரியாது.

"இத எங்கிட்டச் சொல்லிட்ட பாரு, அது போதும். இனி இது ஒன்னோட பாடு மட்டுமில்ல, என்னோட பாடுந்தான். அந்த வளைவுல இனி நீ தனியா நடக்க மாட்ட" என்றார். சிறிது நேரம் கழித்து, "நீ சொன்னதுல ஒரு சொல்லக்கூட நான் சந்தேகப்படல" என்றார். நான் எதற்காக அத்தனை நாள் ஏங்கியிருந்தேன் என்பது அந்தச் சொல் காதில் விழுந்தபோதுதான் எனக்கே தெரிந்தது.

இதோடு எல்லாம் சரியாகிவிட்டது என்று எழுத எனக்கும் ஆசைதான். ஆனால் அன்று மாலையே அம்மா ஒரு தவறு செய்தார். என்னிடம் ஒன்றும் சொல்லாமல் தண்ணீர்க் குழாயடிக்குப் போய், சரோஜாவின் தாயாரைப் பத்துப் பேர் முன்னால் உரத்த குரலில் கேட்டுவிட்டார். பதிலுக்கு அவரும் கேட்டார். என் முகத்தைப் பற்றி அங்கே பேசப்பட்ட சொற்களை நான் எழுதப்போவதில்லை. மறுநாள் வகுப்பில், "அம்மாகிட்டப் போய்க் கோள் சொன்னவ" என்ற பட்டமும் சேர்ந்துகொண்டது. வீட்டுக்கு வந்து புத்தகப் பையை எறிந்தேன். "உங்கிட்டச் சொன்னதே தப்பு" என்று கத்தினேன்.

அம்மா அடுப்படியில் உட்கார்ந்திருந்தார். எரிந்த விறகை வெளியே இழுத்தார். பிறகு எழுந்து வந்து என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"தப்பு எம் மேலதான், செல்வி. கோவம் எனக்கு வந்துச்சு. அனுபவிச்சது நீயி. ஒன்னக் கேக்காம நான் போயிருக்கக்கூடாது. இனி என்ன செஞ்சாலும் ஒன்னக் கேட்டுத்தான் செய்வேன்."

பெற்றவர் பிள்ளையிடம் இப்படிச் சொல்லி நான் அதுவரை கேட்டதில்லை. எனக்குக் கோபம் தீரவில்லை. ஆனால் அம்மாவிடம் மறுபடி பேசலாம் என்று தோன்றியது.

அப்பா வேலை முடிந்து வந்ததும் விஷயம் அவருக்கும் தெரிந்தது. "படிச்சது போதும். வீட்டுல இருக்கட்டும். நாலு பேரு பாக்குற எடத்துக்குப் போனா நாளைக்குக் கல்யாணம் காட்சின்னு வரும்போது நமக்குத்தான் கஷ்டம்" என்றார்.

"ஒதுக்குறது அவளுக. ஒதுங்க வேண்டியது எம் மகளா?" என்று அம்மா கேட்டார். "அவ இப்ப வீட்டுக்குள்ள உக்காந்தா, ஆயுசுக்கும் உக்காந்திருவா. போறதா வேண்டாமான்னு அவ சொல்லட்டும்."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். போகிறேன் என்று சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. போகவில்லை என்று சொல்லவும் மனமில்லை. "போறேன். ஆனா அவங்க எதுக்குப் பயப்படுறாங்கன்னு எனக்கே தெரியல. இது ஒட்டுமா?" என்று கேட்டேன். அதை டாக்டரிடமே கேட்டுவிடலாம் என்றார் அம்மா.

மறுநாள் அம்மா வேலைக்குப் போகாமல் என்னை எஸ்டேட் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். டாக்டர் என் விரல்களை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஊசியால் மெல்லக் குத்தி வலிக்கிறதா என்று கேட்டார். வலித்தது. அப்படியானால் பயமில்லை, இது தோலின் நிறம் போகிற ஒன்று, தொழுநோய் இல்லை, யாருக்கும் ஒட்டாது என்று சிரித்துக்கொண்டே மலையாளத்தில் சொன்னார். சரியாகுமா என்று அம்மா கேட்டார். உறுதியாகச் சொல்ல முடியாது என்றார்.

"அப்படின்னா இப்ப சொன்னத ஒரு தாள்ல எழுதிக் குடுங்கய்யா" என்றார் அம்மா. "தமிழ்ல வேணும். எம் புள்ள வாசிக்கணும்."

டாக்டர் சொல்லச் சொல்ல, தமிழ் தெரிந்த கம்பவுண்டர் எழுதினார். டாக்டர் கையெழுத்துப் போட்டார். ஆஸ்பத்திரி வாசலிலேயே நின்று அதை நான் அம்மாவுக்கு மூன்று முறை வாசித்துக் காட்டினேன்.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டார்: "இத என்ன செய்யலாம்? நீ சொல்லு."

யோசித்தேன். அம்மா வகுப்புக்குள் வந்து பேசக்கூடாது என்றேன். சரி என்றார். டீச்சர் வாசிக்க வேண்டாம், நானே வாசிக்கிறேன் என்றேன். அம்மா நடப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "முடியுமா?" என்றார். "தெரியல. நீ வெளிய நின்னா முடியும்" என்றேன்.

மறுநாள் காலை தலைமையாசிரியர் அறையில் அம்மா நின்றுகொண்டே பேசினார். தலைமையாசிரியர் நல்லவர்தான். தாளை வாசித்துவிட்டு, "எனிக்கு மனசிலாயி. ஆனா குட்டிகள் பேடிக்குது. கொஞ்ச நாள் தனி பெஞ்சில இருக்கட்டும். அப்போ வழக்கு ஒண்ணும் வராது" என்று மலையாளம் கலந்து சொன்னார். பிள்ளைகள் பயப்படுகிறார்கள், இப்படிச் செய்தால் சண்டை வராது என்கிறார் என்று எங்களுக்குப் புரிந்தது.

"வேண்டாங்க சார்" என்றார் அம்மா. குரலை உயர்த்தவில்லை. குழாயடியில் கேட்ட குரல் அது அல்ல. "இவளத் தனியா உக்கார வச்சா, அவங்க சொன்னதெல்லாம் நெசமுன்னு பள்ளிக்கூடமே சொன்ன மாதிரி ஆயிரும். எம் மக தப்பு ஒண்ணும் செய்யல. இருந்த எடத்துலயே இருக்கட்டும். இந்தத் தாள வாசிக்க மட்டும் அவள விடுங்க."

அவர் அம்மாவையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு எங்கள் வகுப்பு டீச்சரைக் கூப்பிட்டு அனுப்பினார்.

கரும்பலகைக்கு முன்னால் நின்று தாளை விரித்தேன். முதல் வரியை வாசித்தேன். "இந்த மாணவிக்கு இருப்பது தோலின் நிறமாற்றம் மட்டுமே." இரண்டாவது வரியில் பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். வாசிப்பதை நிறுத்திவிட்டேன். வாசலுக்கு வெளியே வராந்தாத் தூணருகில் அம்மா நின்றிருந்தார். கொடுத்த வாக்குப்படி உள்ளே வரவில்லை. சைகை காட்டவில்லை. சிரித்த பெண்ணை முறைக்கவும் இல்லை. என்னை மட்டும் பார்த்தபடி நின்றார்.

முதல் வரியிலிருந்து மறுபடி தொடங்கினேன். இந்த முறை உரக்க வாசித்தேன். "தொட்டாலும், பக்கத்தில் உட்கார்ந்தாலும், ஒரே குவளையில் தண்ணீர் குடித்தாலும் இது மற்றவருக்கு வராது." முடித்துவிட்டு, தாளில் இல்லாத ஒன்றையும் சொன்னேன். "எம் பேரு செல்வி. அந்தப் பேரச் சொல்லிக் கூப்பிட்டாத்தான் திரும்புவேன்."

என் இடத்தில் போய் உட்கார்ந்தேன். வெளியே பார்த்தபோது அம்மா புறப்பட்டுவிட்டிருந்தார்.

அன்றோடு எல்லாரும் திருந்திவிட்டார்கள் என்று சொல்ல முடியாது. 'சுண்ணாம்பு' பத்தாம் வகுப்பு வரை அவ்வப்போது காதில் விழுந்தது. நான் திரும்பவில்லை. நான்காம் நாளோ ஐந்தாம் நாளோ, எங்கள் வகுப்பில் படித்த லாரி டிரைவர் மகள் ராதா மதியச் சோற்றோடு விறகுக் கொட்டகைக்குப் பின்னால் வந்து, "ஒன் தண்ணி இருந்தாக் குடு, விக்கல் எடுக்குது" என்றாள். என் குவளையில் குடித்துவிட்டுத் துடைக்காமல் திருப்பிக் கொடுத்தாள். மறுநாளிலிருந்து இருவரும் வராந்தாவில் உட்கார்ந்து சாப்பிட்டோம்.

மேட்டு வளைவை அம்மா மறக்கவில்லை. தனக்குக் காலையிலேயே வேலை இருந்ததால் அப்பாவிடம் சொல்லி, வளைவைத் தாண்டும் வரை என்னோடு நடக்கச் செய்தார். முதல் வாரம் அப்பா குடையைப் பிடித்துக்கொண்டு வந்தார். இரண்டாம் வாரம், "அந்தத் தாள எனக்கும் வாசிச்சுக் காட்டு" என்றார். நடந்துகொண்டே சொன்னேன். எனக்கு அது மனப்பாடமாகியிருந்தது. "வீட்டுல இருக்கச் சொன்னேன். அத மனசுல வச்சுக்காத தாயி" என்றார். அந்த வருடம் முழுவதும் அவர் என்னோடு நடந்தார்.

அம்மா தினமும் சாயங்காலம் என்னை ஒரே கேள்வி கேட்பார். என்ன படித்தாய் என்று அல்ல. "இன்னிக்கு ஒனக்கு எப்பிடி இருந்துச்சு?" என்பார். சில நாள் ஒரே சொல்லில் பதில் சொல்வேன். சில நாள் அழுவேன். போய் யாரையாவது கேட்கட்டுமா என்பார். வேண்டாம் என்றால் போக மாட்டார். அவர் போகாமல் இருக்க எவ்வளவு பாடுபட்டார் என்பது அவர் பல்லைக் கடித்துக்கொண்டு விறகை ஒடிக்கிற வேகத்தில் தெரியும்.

பத்தாம் வகுப்பில் அந்தப் பஜார் பெண்கள் ஏதோ சண்டையில் சரோஜாவுக்கும் ஒரு பட்டப்பெயர் வைத்து ஒதுக்கிவிட்டார்கள். அவள் என்னிடம் பேச வந்தாள். நான் பேசவில்லை. அம்மாவிடம் சொன்னேன், மன்னிக்கச் சொல்வார் என்று எதிர்பார்த்து. "பேசணும்னு கட்டாயமில்ல. ஒனக்கு எப்பத் தோணுதோ அப்பப் பேசு. ஆனா அவளுக்கு வச்ச பேர நீயும் சொல்லாத" என்றார். நான் சொல்லவில்லை. பேசவும் இல்லை, அந்த வருடம் முடியும் வரை.

பத்தாம் வகுப்பில் தேறினேன். ஆசிரியப் பயிற்சி முடித்து, இரண்டு வருடமாக எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிறேன். வெள்ளை இப்போது கழுத்து வரை பரவியிருக்கிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் சேர்ந்த முதல் வாரத்தில் அதைத் தொட்டுப் பார்த்து, "வலிக்குமா டீச்சர்?" என்று கேட்பார்கள். வலிக்காது என்பேன். பிறகு மறந்துவிடுவார்கள்.

சென்ற வருடம் தையில் அம்மாவுக்கு வயிற்றில் வலி தொடங்கியது. வேலையை விடாமல் பங்குனி வரை சமாளித்தார். மதுரைக்குக் கொண்டுபோனோம். தாமதமாகிவிட்டது என்றார்கள். மருத்துவர் அதைத் தாழ்வாரத்தில் எங்களிடம் மட்டும் சொன்னார். அம்மா கேட்டபோது நாங்கள் மறைக்கவில்லை. "நல்லவேளை, சொல்லிட்டீக. இனி என்ன ஏதுன்னு யோசிச்சுத் தவிக்க வேண்டாம்" என்றார். லயத்து வீட்டுக்கே கூட்டிப்போகச் சொன்னார். தம்பிகள் படிப்பை விடக்கூடாது என்று அப்பாவிடம் சத்தியம் வாங்கினார். ஆடியில் ஒரு வெள்ளிக்கிழமை காலை, எங்கள் எல்லாரையும் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அடங்கினார். அவருக்கு வயது நாற்பத்திரண்டு.

அந்த மாதங்களில் எங்களுக்குத் துணை நின்றவர்கள் பலர். வலி தாங்காத வேளைகளில் அழைத்த நேரத்தில் வந்து ஊசி போட்ட எஸ்டேட் ஆஸ்பத்திரி நர்சம்மாவுக்கும், மதுரைக்கு வண்டி ஓட்டிவந்து மூன்று நாள் எங்களோடு காத்திருந்த ராதாவின் தந்தையாருக்கும், முறை வைத்து எங்கள் வீட்டில் அடுப்பு எரித்த லயத்துத் தாய்மாருக்கும் நாங்கள் கடமைப்பட்டவர்கள். சரோஜாவுக்கும் நன்றி சொல்ல வேண்டும். கட்டிக்கொடுத்த ஊரிலிருந்து கைக்குழந்தையோடு வந்து, இரண்டு வாரம் தினமும் அம்மாவின் காலைப் பிடித்துவிட்டாள். பழையதை நான் முழுக்க மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். ஆனால் இப்போது நாங்கள் பேசிக்கொள்கிறோம்.

இறுதி ஊர்வலத்தன்று நடந்ததையும் இங்கே பதிந்துவைக்க விரும்புகிறேன். எங்கள் பக்கம் பெண்கள் சுடுகாட்டுக்குப் போவதில்லை. தெருமுனையோடு திரும்பிவிடுவார்கள். அன்று தெருமுனையில் பெரியவர் ஒருவர் கையை நீட்டித் தடுத்தபோது, அம்மாவோடு கொழுந்து எடுத்த பெண்கள் நின்றார்கள், ஆனால் திரும்பவில்லை. அவர்களில் மூத்தவரான காளியம்மா பெரியம்மா சொன்னார்: "இருவத்தஞ்சு வருசம் எங்க பக்கத்து நிரையில நின்னவய்யா. பாதி வழியில விட்டுட்டு வீட்டுக்குப் போனா எங்களுக்குச் சோறு எறங்காது. நாங்க வாறோம்."

பெரியவர் அப்பாவைப் பார்த்தார். "வரட்டும்" என்றார் அப்பா.

முப்பது பேருக்குக் குறையாது. தலையில் முக்காடிட்டு, மழையில் சரிவுப் பாதையில் பாடைக்குப் பின்னால் இறங்கினார்கள். நானும் அவர்களுக்கு நடுவில் நடந்தேன். அந்தத் தாய்மார் ஒவ்வொருவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம்.

மகள் செல்வி